காலனி விடுதலைக்குப் பத்து மதிப்பெண்

முப்பத்தொரு வருடம் காலனி நாடுகளுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவள் நான். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆரம்பிப்பேன். இந்தோனேசியாவுக்கு ஒரு பீரியட், கானாவுக்கு அரை பீரியட், கென்யாவும் அல்ஜீரியாவும் சனிக்கிழமை சிறப்பு வகுப்பில். பிப்ரவரியில் ரிவிஷன் தேர்வு வருவதற்குள் ஆசியா, ஆப்பிரிக்கா இரண்டிலும் பாக்கியில்லாமல் எல்லா நாட்டிலும் கொடி ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, போர்ஷன் ஏன் முடியவில்லை என்று கேட்பார். பிரிட்டிஷ்காரனே போய்விட்டான், இந்தப் போர்ஷன் மட்டும் போகமாட்டேன் என்கிறதே என்று நான் புலம்புவேன்.

இப்போது இதை எழுதக் காரணம் மும்தாஜ் டீச்சர். பேகம்பூர்க்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், இன்னும் பணியில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்து, இனி விடைத்தாளையெல்லாம் ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டரிலேயே திருத்தச் சொல்லப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றாள். சிவப்பு மையும் கிடையாதாம், பச்சை மையும் கிடையாதாம். பிறகு, "அந்தப் பேப்பர் ஞாபகம் இருக்கா டீச்சர்? நீங்க எழுதி வைங்க. நம்ம சீஃப் சாரும் இல்ல இப்ப" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறந்தால்தானே ஞாபகப்படுத்த வேண்டும்?

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊர் அகரம். அப்பாவுக்குக் கத்தரியும் சம்பங்கியும் போட்ட ஒரு தோட்டம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் குடும்பம் என்பதால் பெயர் செல்வமேரி. எம்.ஏ. வரலாறு, பி.எட். முடித்து, நாலு வருடம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மட்டும் புதுப்பித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். பிறகு வேலை வந்தது. எங்கெங்கோ மாற்றிப் போட்டார்கள், கடைசிப் பதினாறு வருடம் திண்டுக்கல் டவுன். வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சும்மா அடித்துவிடாதே, சான்று சொல்லி எழுது. யார், எங்கே, எப்போது என்று எழுது. இந்தப் புத்திமதி ஒருநாள் என் கழுத்தையே பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

திருத்தும் முகாம் என்றால் வெளியாட்களுக்குப் புரியாது. ஏப்ரல் மாத வெயிலில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தைப் பிடித்து, வகுப்பறைகளில் மேசை போட்டுவிடுவார்கள். ஒரு மேசைக்கு ஆறேழு ஆசிரியர்கள். அவர்களுக்குத் தலைவர் முதன்மைத் தேர்வாளர். நாங்கள் சீஃப் என்போம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. விடைத்தாளில் பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ இருக்காது, மேலே ஒரு போலி எண் மட்டும். ஒரு மாவட்டத்துத் தாள் அந்த மாவட்டத்திலேயே திருத்தப்படாது, எங்கிருந்து வந்தது என்றும் சொல்லமாட்டார்கள். நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம். சீஃப் பச்சை மையில் மறுபார்வை பார்ப்பார். அப்புறம் கூட்டல் சரிபார்க்கிற ஆசிரியர் ஒருவர் இருப்பார். அரை மார்க் விட்டுப்போயிருந்தால் மொத்த அறைக்கும் கேட்கிற மாதிரி நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

என் முதல் முகாமில் என்னை அப்படி மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தரிக்காயைத் தரம்பிரித்துக்கொண்டே, சொத்தையை நல்லதில் போட்டால் வியாபாரி திட்டத்தான் செய்வான் என்றார். மறுநாள் போனேன். அதற்குப் பிறகு கூட்டலில் ஒருநாளும் தப்பு விட்டதில்லை.

நான் சொல்லவந்த முகாமில் எங்கள் மேசைக்கு வாய்த்த சீஃப் ஒரு தனி ரகம். குஜிலியம்பாறைப் பக்கத்து மனிதர், விவசாயக் குடும்பம். எங்களுக்கெல்லாம் முன்பே வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கட்டைப் பிரிப்பார். ஈரக்கை பட்டால் பிள்ளைகள் எழுதிய மை கலங்கிவிடும் என்று துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். விடைக்குறிப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை நடுவில் நிறுத்திவைப்பார். அதைத்தான் நாங்கள் 'கீ' என்போம். கீயில் இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. அழுகிற மாதிரி எழுதினாலும் இல்லை, அழகான கையெழுத்துக்கும் இல்லை. குரலை உயர்த்தமாட்டார். தப்பு செய்தால் தாளை நம் பக்கம் திருப்பிவைத்து, "நீங்களே படிங்க டீச்சர்" என்பார். அம்புட்டுத்தான். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். முப்பது முதல் முப்பத்துநாலு வரை வாங்கிய தாள்களைத் தனியாக எடுத்துவைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவரே படிப்பார். மார்க் போடுவதற்காக அல்ல, விட்டுப்போனது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பாதித் தாள்கள் ஃபெயிலாகவே திரும்பி வரும். ஃபெயிலானாலும் யாரோ ஒருத்தர் முழுசாகப் படித்துவிட்டுத்தான் ஃபெயில் போட்டார் என்று இருக்க வேண்டும் என்பார்.

மூன்றாம் நாள் காலைக் கட்டில் எட்டாவது தாள் அது. எண்ணைச் சொல்லமாட்டேன். பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று: காலனி நாடுகள் எவ்வாறு விடுதலை பெற்றன, சான்றுடன் விளக்குக. கீயில் உலகப்போர், தேசிய இயக்கங்கள், இந்தியா, இந்தோனேசியா, கானா, கென்யா என்று வரிசையாக இருந்தது. இலங்கைக்கு ஒரே ஒரு வரி. இந்தப் பிள்ளை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தது.

எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். 'வெள்ளைக்காரர்கள் தேயிலை போடுவதற்காக எங்கள் ஆட்களை இலங்கைக்குக் கூட்டிப்போனார்கள். அதுவும் அவர்கள் காலனி, இதுவும் அவர்கள் காலனி, அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்தியா விடுதலை பெற்றது. அடுத்த வருடம் இலங்கையும் பெற்றது. என் தாத்தா அப்போது சின்னப் பையன். தோட்டத்தில் கொடி ஏற்றினார்கள். தாத்தாவும் கைதட்டினார். அதே வருடம் யார் யார் அந்த நாட்டுக் குடிமக்கள் என்று சட்டம் போட்டார்கள். அதில் எங்கள் ஆட்கள் இல்லை. இரண்டு நாடும் விடுதலை பெற்றபோது எங்களுக்கு நாடு இல்லாமல் போனது.' இப்படிப் போனது. பிறகு இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டது, ஆட்களைப் பங்கு பிரித்தது, கப்பலில் ராமேஸ்வரம் வந்தது. கடைசியில் சான்று. தாத்தாவின் முழுப்பெயர், தகப்பன் பெயர், பூர்வீகம் திண்டுக்கல் ஜில்லா குஜிலியம்பாறைப் பக்கம் இன்ன ஊர் என்று. 'அந்த ஊருக்குப் போனார்கள். அங்கே யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மலைக்கு வந்து மறுபடியும் தேயிலை பறிக்கிறோம்.'

படிக்கும்போது என் கை என்ன செய்தது தெரியுமா? அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டது. பழக்கதோஷம். விடைத்தாளில் தன் பெயர், ஊர், சாமி படம், பாஸ் போடுங்க ஐயா என்ற கெஞ்சல், எது வந்தாலும் வட்டம் போடு என்பது முகாமின் முதல் பாடம். தேர்வர் தன்னை அடையாளம் காட்டக் கூடாது. அடையாளம்தான் என்று சீஃப் எழுதிவிட்டால், வட்டம் போட்ட தாள் கடிதத்தோடு முகாம் அலுவலருக்குப் போகும். அந்தப் பிள்ளையின் முடிவை நிறுத்திவைப்பார்கள், விசாரணைக்கு வரச்சொல்வார்கள். எல்லாம் முடிவதற்குள் கல்லூரிச் சேர்க்கையே முடிந்திருக்கும், ஒரு வருடம் போச்சு. போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி மகளே, நீதானே சான்று சொல்லி எழுது, பெயர் சொல்லி எழுது என்று ஊரெல்லாம் சொன்னாய்? சிவப்பு மையை அழிக்க முடியாது. அழித்தால் அது வேறு குற்றம்.

கீப்படி இலங்கைக்கு ஒன்று, வெள்ளையர் வெளியேறியதற்கு ஒன்று என்று இரண்டு மார்க் போட்டிருந்தேன். கூட்டினேன். முப்பத்தொன்று. பக்கத்தில் இருந்த மும்தாஜிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, வட்டத்துக்குள் இருந்த பெயரில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். அது எங்கள் சீஃபின் பெயர். இனிஷியலை விட்டுவிட்டுப் பார்த்தால் அச்சு அசலாக அதே பெயர். நம் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதுதானே, ஊருக்கு நாலு பேர் ஒரே பெயரில் இருப்பார்கள் என்று நினைத்தேன். பயத்தில் இருக்கும்போது எனக்கு வாய் துடுக்கு அதிகம். சாப்பாடு முடிந்து அவர் கைகழுவி வந்து உட்கார்ந்ததும் தாளை நீட்டி, "சார், உங்க பேர்க்காரர் ஒருத்தர் பரீட்சையில வந்திருக்காரு" என்று சிரித்தேன்.

அவர் முதல் வரியிலிருந்து படித்தார். வழக்கம்போல உதடு மட்டும் அசைந்தது. வட்டத்துக்கு வந்ததும் உதடு நின்றுவிட்டது. ஊர்ப் பெயரைப் பார்த்தார். தகப்பன் பெயரைப் பார்த்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினார். மும்தாஜ் தன் பாட்டிலைக் கொடுத்தாள். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் பேசினார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரல். அவருக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயதாம். சித்திரை வெயிலில் ஒரு குடும்பம் வந்து அவர்கள் வீட்டு வாசலில் நின்றதாம். கம்பளிச் சட்டை போட்ட ஒரு ஆள், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு தகரப்பெட்டி. கூடவே தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர், கையில் காகிதத்தோடு. இந்த ஊர்க்காரர்கள் என்று பதிந்திருக்கிறது, உங்கள் ஆட்கள்தானா என்று கேட்கவந்தவர்.

"அந்த ஆளு தன் பேரைச் சொன்னாரு டீச்சர். என்னையத்தான் யாரோ கூப்பிடுறாகன்னு நெனச்சு நான் முன்னால போயி நின்னேன். அவரு என்னையப் பாத்துச் சிரிச்சாரு."

சீஃபின் அப்பா காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். தெரியாது என்று ஒரே வார்த்தை. அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அவர்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். வளர்ந்த பிறகு அம்மாதான் சொன்னாராம், கடல் தாண்டிப் போன பெரியப்பா ஒருவர் இருந்தார், வந்தவர் அவருடைய மகன் என்று. கிணற்றடி நிலத்தில் அவர்களுக்குப் பாதிப் பங்கு. தெரியும் என்று சொல்லியிருந்தால் வரப்பை வெட்டிப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும்.

"எங்க அப்பாருக்குத் தெரியும் டீச்சர். ஊருக்கே தெரியும். அந்தக் கெணத்துத் தண்ணியிலதான் நான் படிச்சேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, கீயைப் பார்த்தார்.

நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் தலையை ஆட்டித் தடுத்தார். உடனே சீஃபாகிவிட்டார், அதுதான் அந்த மனிதர். உறவினர் விடைத்தாளில் கைவைக்கக் கூடாது என்பது விதி, இனி இந்தத் தாளுக்கு நான் மார்க் போடவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், நீங்களே மறுபடி படித்து நியாயம் என்று படுவதைப் போடுங்கள் என்றார். வேண்டுமானால் அடுத்த மேசை சீஃபிடம் கொடுத்துவிடலாமே சார் என்றேன். அப்படிக் கொடுத்தால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் இது இன்னார் பேரப்பிள்ளை என்று எனக்குத் தெரியும் என்று எழுத வேண்டும், பிறகு தாள் நேராக விசாரணைக்குத்தான் போகும் என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

தாள் என் முன்னால் கிடந்தது. கீயை அதன் உறையிலிருந்து உருவினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: பொருத்தமான பிற விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கலாம். இத்தனை வருடத்தில் அந்த வரியை நான் ஒருதடவைகூடப் பயன்படுத்தியதில்லை. இந்தப் பிள்ளையின் விடை பொருத்தமானதா என்று யோசித்தேன். இரக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் யோசித்தேன், அதை இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எவ்வாறு விடுதலை பெற்றன என்பது கேள்வி. ஆட்சி கைமாறியதைச் சொல்லியிருக்கிறது. புது நாடு தன் மக்கள் யார் என்று சட்டம் போட்டதைச் சொல்லியிருக்கிறது. இரண்டு புது நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டதைச் சொல்லியிருக்கிறது. இருபத்தைந்து வருடம் கொடியேற்றுவதோடு பாடத்தை நிறுத்திக்கொண்டவள் நான்தான். மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று ஒரு வகுப்பிலாவது சொன்னேனா? வெட்கமாக இருந்தது.

இரண்டை அடித்துவிட்டு ஏழு போட்டேன். பக்கத்தில் என் கையொப்பம். மொத்தம் முப்பத்தாறு. ஆறு போட்டிருந்தால் சரியாக முப்பத்தைந்தில் நின்றிருக்கும், பார்க்கிறவர்கள் பாவப்பட்டுத் தூக்கிவிட்டதாக நினைப்பார்கள். அது ஏழு மார்க் விடை. மும்தாஜை ஒருதடவை கூட்டிப் பார்க்கச் சொன்னேன்.

ஆனால் வட்டம் அப்படியே இருந்தது. வட்டத்தின் பக்கத்தில் சீஃபின் குறிப்பு இல்லாமல் கூட்டல் பார்க்கிறவர் தாளை வாங்கமாட்டார். குறிப்பில் எழுத வேண்டிய வாசகமும் ஏற்கெனவே வகுக்கப்பட்டதுதான், வருடத்துக்கு நாலைந்து தாளிலாவது எல்லா சீஃப்களும் எழுதுவது: இப்பெயர் எவரையும் அடையாளம் காட்டவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டால் தாள் சாதாரணத் தாளாகக் கட்டுக்குள் போய்விடும்.

தாளை அவர் முன்னால் வைத்தேன். மன்னிச்சிருங்க சார், நான் வட்டம் போட்டிருக்கக் கூடாது என்றேன். அவர் விதிப்படிதானே போட்டீர்கள் என்றார். பச்சைப் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இத்தனை நாளில் ஒரு பொய்க் குறிப்பும் எழுதாத கை அது. எதை எழுதினாலும் அந்த மனிதருக்குப் பாடுதான் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையை எழுதினால் அந்தக் குடும்பத்துப் பிள்ளையை அவரே மறுபடி வாசலோடு திருப்பி அனுப்பியதாகும். மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுதினார். எப்போதும்போல ஒரே சீரான கையெழுத்து. சிவப்பு வட்டத்துக்குள் அந்தப் பெயர், அதன் பக்கத்தில் எவரையும் அடையாளம் காட்டவில்லை என்ற பச்சை வரி, அதற்குக் கீழே கையெழுத்தாக மறுபடியும் அதே பெயர். மை காயும்வரை தாளைக் கையில் பிடித்திருந்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"எங்க வீட்டுல ரெண்டாந்தடவையா அந்த ஆளத் தெரியாதுன்னு சொல்லியாச்சு டீச்சர்" என்றார்.